வணிக மென்பொருளை யாரிடம் வாங்குவது? கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உள்ள ஆலைகளுக்கும் மொத்த வியாபார நிலையங்களுக்கும் கணக்காளராகப் பணிபுரிகின்றேன். கணக்கு, இருப்பு, சம்பளம் ஆகியவற்றை அவர்கள் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவரும்போது, வாங்குபவரின் பக்கத்தில் அமர்ந்து விற்பனையாளருடன் பேசுவது என் வேலையின் ஒரு பகுதி. நான் எந்த மென்பொருளையும் விற்பதில்லை. எவரிடமும் தரகு பெறுவதில்லை.

சம்மாந்துறை, அரிசி ஆலை: சேர், மூன்று கம்பனிகள் வந்து காட்டிவிட்டுப் போயின. மூன்றும் நன்றாகவே தெரிகின்றன. எதை வைத்துத் தெரிவு செய்வது?

மூன்றும் நன்றாகத் தெரிவதற்குக் காரணம், அவை விற்பவருடைய மாதிரித் தரவுகளைக் கொண்டு காட்டப்பட்டவை என்பதே. அடுத்த முறை உங்களுடைய நெல் கொள்வனவுப் பற்றுச்சீட்டு ஒன்றைக் கொடுத்து, உங்கள் முன்னிலையிலேயே பதியச் சொல்லுங்கள். பெரும்பாலான மென்பொருள்களின் உற்பத்திப் பகுதி, பல பாகங்களைச் சேர்த்து ஒரு பொருளைச் செய்யும் தொழிற்சாலையை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. உங்கள் ஆலையிலோ ஒரே நெல்லிலிருந்து அரிசி, குருணல், தவிடு, உமி என்று பல பொருள்கள் பிரிகின்றன. நெல்லின் விலையை அவற்றுக்கிடையே எப்படிப் பங்கிடுவது, ஈரப்பதனுக்காகக் கழிக்கும் நிறையை எங்கே பதிவது, அவித்துக் காயவைக்கும்போது குறையும் நிறை எந்தக் கணக்கில் விழும், விதைப்புக் காலத்தில் விவசாயிக்குக் கொடுத்த முற்பணம் அறுவடையின்போது நெல்லின் விலையிலிருந்து கழியுமா என்று கேளுங்கள். அந்த இடத்திலேயே செய்து காட்டுபவரையும், பிறகு செய்து தருவதாகச் சொல்பவரையும் ஒரே தரத்தில் வைக்காதீர்கள். பிறகு செய்து தருவதாகச் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் விலையுடன் எழுத்தில் வாங்குங்கள்.

அவர்களுடைய பழைய வாடிக்கையாளர்களுள் வற் எனப்படும் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்த ஒருவரிடமும் பேசுங்கள். நல்ல கம்பனியா என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்வார். அந்த வரி 2022 யூன் 1 இல் 8 சதவீதத்திலிருந்து 12 ஆகவும், அதே ஆண்டு செப்டெம்பர் 1 இல் 15 ஆகவும், 2024 சனவரி 1 இல் 18 ஆகவும் உயர்ந்தது. ஒவ்வொரு முறையும் எத்தனை நாளில் மாற்றிக் கொடுத்தார்கள், தனியாகப் பணம் கேட்டார்களா, மாற்றத்துக்கு முன் விற்ற பொருள் திரும்பி வந்தபோது பழைய வீதம் சரியாகப் பதிவானதா என்று கேளுங்கள். ஒரு பங்காளர் நிறுவனத்தின், அதாவது இன்னொருவரின் மென்பொருளை விற்று நிறுவித் தருபவரின், உண்மையான தரம் இந்தப் பதில்களில் தெரிந்துவிடும்.

காத்தான்குடி, புடவை மொத்த வியாபாரம்: மொத்தத்தில் எவ்வளவு செலவாகும்?

எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், எத்தனை களஞ்சியங்கள் உள்ளன என்று அறியாமல் தொகை சொல்வது பொறுப்பற்ற செயல். உரிமத்தின் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். பழைய தரவைப் புதியதற்கு மாற்றுதல், பயிற்சி, ஆண்டுப் பராமரிப்பு, கொழும்பிலிருந்து வருபவர்களின் பயணமும் தங்குமிடமும் சேர்ந்த மூன்றாண்டுச் செலவைக் கேளுங்கள். தொகை டொலரில் இருந்தால் எந்த நாளின் மாற்று வீதம் என்று எழுதப்பட வேண்டும். 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 350 ஐத் தாண்டியபோது, சந்தா கட்டியவர்கள் இதன் வலியை அறிந்தார்கள். உங்கள் தொழிலில் பிந்திய திகதியிட்ட காசோலைகள் அதிகம் என்பதால், அவற்றுக்கான பதிவேடு உள்ளதா என்பதையும் பாருங்கள்.

கல்முனை: எங்களிடம் வந்தவர் ஓடூ என்ற வணிக மென்பொருளின் கோல்ட் பங்காளர் என்கிறார். அது போதுமானதா?

போதாது. அந்தத் தரம், அவர் எத்தனை புதிய பயனர்களுக்கு விற்றார், எத்தனை பேர் சான்றிதழ் பெற்றவர்கள், எத்தனை வாடிக்கையாளர்கள் விலகாமல் இருக்கின்றார்கள் என்பவற்றைக் கொண்டு வழங்கப்படுவது. உங்கள் தொழிலை அவர் அறிவாரா என்பதை அது சொல்லாது. வேலைக்கு வரப்போகும் ஆளின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதக் கேளுங்கள். மென்பொருளைக் காட்ட வந்தவர் பெரும்பாலும் மறுபடி வருவதில்லை.

மருதமுனை, கைத்தறி உற்பத்தி: டாலி கணக்கு மென்பொருளை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விற்றவரை மாற்ற விரும்புகின்றோம். முடியுமா?

முடியும். முதலில் உங்கள் உரிமம் எந்த மின்னஞ்சல் முகவரியில் பதிவாகியுள்ளது என்று பாருங்கள். விற்றவர் தம்முடைய முகவரியைக் கொடுத்துச் செயற்படுத்தியிருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே அதை உங்கள் நிறுவனத்தின் முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கும் சொல்கின்றேன்: எந்த மென்பொருளாயினும் உரிமம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், நிர்வாகிக் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மட்டக்களப்பு நகரம், மென்பொருள் விற்பனையாளர்: மதிப்பிற்குரிய ஐயா, இது நடைமுறைக்கு ஒவ்வாத அறிவுரை. கடவுச்சொல்லைக் கொடுத்த வாரத்திலேயே முதலாளியின் மகன் உள்ளே சென்று போன மாதத்துப் பதிவுகளை அழிக்கின்றார். பின்னர் இலவசமாகத் திருத்தித் தரும்படி எங்களை அழைக்கின்றார்கள். இறுதித் தவணையும் மாதக்கணக்கில் வருவதில்லை. கடவுச்சொல் எங்களிடம் இருப்பதே எங்களுக்குள்ள ஒரே பாதுகாப்பு.

நீங்கள் சொல்லும் இரண்டும் உண்மையான துன்பங்கள். ஆனால் கடவுச்சொல்லை வைத்திருப்பது அவற்றுள் எதற்கும் தீர்வாகாது. முதலாவதற்கு, முதலாளி உட்பட எல்லோரும் அன்றாட வேலையைச் சாதாரணக் கணக்குகளில் செய்ய வேண்டும். முடிந்த மாதம் பூட்டப்பட வேண்டும். யார் எதை மாற்றினார் என்ற பதிவு இயங்க வேண்டும். நிர்வாகிக் கணக்கில் நுழைந்து வாடிக்கையாளர் கெடுத்ததைத் திருத்துவதற்குக் கட்டணம் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இரண்டாவதற்கு, தவணைகளை வேலையின் படிகளோடு கட்டுங்கள்; ஒப்பமிடும்போது 30 சதவீதம், தரவு மாற்றி இயங்கத் தொடங்கும்போது 50, முதல் மாதக் கணக்கை முடித்த பின் 20 என்பது இரு பக்கத்துக்கும் நியாயமானது.

கடன்காரர் பட்டியல், கையிருப்புக் காசோலைகள், ஊழியர் சேமலாப நிதிக்குக் கழித்த 8 சதவீதம், முதலாளி செலுத்தும் 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 என அந்தத் தரவிலுள்ள அனைத்தும் வியாபாரியினுடையவை. இறைவரித் திணைக்களமோ தொழில் திணைக்களமோ பதிவேட்டைக் கேட்கும்போது, விற்பனையாளர் பூட்டிவிட்டார் என்று சொல்லி வியாபாரி தப்ப முடியாது. இன்னொருவரின் சட்டக் கடமையைப் பிணையாக வைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது.

அதே விற்பனையாளர்: அப்படியானால், பணம் வராவிட்டால் சேவையை நிறுத்துவதும் தவறா?

தவறில்லை. உதவியை நிறுத்துங்கள், புதிய பதிவுகளைக்கூட நிறுத்துங்கள். பழைய தரவை வாசிக்கவும், வேறிடத்துக்கு எடுத்துச் செல்லக்கூடிய கோப்பாகப் பெறவும் வழி விடுங்கள்.

அக்கரைப்பற்று, வன்பொருள் கடை: எங்களுடையதை ஏற்கனவே பூட்டிவிட்டார்கள். கட்ட வேண்டிய பணத்தைக் கட்டியும் விட்டோம்.

கட்டியதற்கான பற்றுச்சீட்டுகளுடன் எழுத்தில் தரவைக் கோருங்கள். குறித்த நாளுக்குள் தராவிட்டால் சட்டத்தரணியிடம் செல்லுங்கள். தொலைபேசியில் சண்டையிடாதீர்கள்.

மட்டக்களப்பு விற்பனையாளர்: தவணைகளுக்குத் திகதி குறிக்கப்பட்டால், தரவை வழங்கும் நிபந்தனைக்கு நானும் ஒப்பமிடுவேன்.

மகிழ்ச்சி. இறுதித் தவணை, மாதக் கணக்கு முடிந்த 14 நாட்களுக்குள் என்று எழுதுங்கள். இங்குள்ள மற்ற விற்பனையாளர்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று விரும்புகின்றேன்.

வாழைச்சேனை: சிறிய கடை. தோராயமாக எவ்வளவு ஆகும்?

காத்தான்குடி அன்பருக்கான பதிலை வாசியுங்கள்.

ஏறாவூர்: பழைய கணினியில் பொருட்களின் பெயர்கள் பாமினி எழுத்துருவில் உள்ளன. புதியதில் ஆங்கில எழுத்துகளாக வருகின்றன.

அவற்றை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும். ஆங்கிலப் பெயர்களும் கலந்திருந்தால் அவற்றைத் தனியே பிரித்த பின்னரே மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் அவையும் கெட்டுவிடும். இந்த வேலை யாருடையது என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு அச்சுப்பொறியில் தமிழ் ஒழுங்காக விழுகின்றதா என்று உங்கள் அச்சுப்பொறியிலேயே சோதியுங்கள்.

பாசிக்குடா, தங்குவிடுதி: அறை முன்பதிவுக்கு எது சிறந்தது?

அது வேறு துறை. விடுதி மென்பொருளில் அனுபவமுள்ளவரிடம் கேளுங்கள்.

ஆரையம்பதி: ஒரு நல்ல கம்பனியின் பெயரை மட்டும் சொல்லுங்கள், ஐயா.

பெயர் சொல்வதில்லை. சம்மாந்துறைக்கான பதிலில் உள்ள கேள்விகளே உங்களுக்கும் உதவும்.

திருக்கோவில்: என் மருமகன் ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற வணிக மென்பொருளை இலவசமாக நிறுவித் தருகின்றேன் என்கிறார். கொழும்புக் கம்பனி தேவையா?

மருமகனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அருகில் இருப்பவர் அழைத்த அன்றே வருவார், 300 கிலோமீற்றருக்கு அப்பாலிருப்பவரால் அது முடியாது. ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் கட்டற்ற மென்பொருள் என்பதும் உண்மை. இலவசமாகக் கிடைப்பது உரிமம் மட்டுமே. நிறுவுதல், பயிற்சி, சேர்வர், காப்புநகல் ஆகியவற்றுக்கு உழைப்பும் பணமும் வேண்டும். ஓடூவில் இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் உள்ளன. முழுமையான கணக்கியல் பகுதி கட்டணப் பதிப்பிலேயே வருகின்றது. எந்த மென்பொருளிலும் உங்களுக்கெனத் தனியாக எழுதப்படும் பகுதிகளைப் புதிய பதிப்புகளுக்கு யாராவது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மருமகன் நாளை கட்டாருக்கு வேலைக்குப் போனால் அதைச் செய்பவர் யார்? இன்னொருவருக்கும் அந்த அமைப்பு தெரிந்திருந்தால், செய்த மாற்றங்கள் எழுதி வைக்கப்பட்டிருந்தால், தாராளமாக அவரிடமே கொடுங்கள். அவருக்கு ஊதியமும் கொடுங்கள். கடவுச்சொல் பற்றி மேலே சொன்னது உறவினருக்கும் பொருந்தும்.

நிந்தவூர், நெல் கொள்வனவு: எந்த மாதத்தில் புதியதற்கு மாறுவது?

பெரும்போக அறுவடையிலும் சிறுபோக அறுவடையிலும் வேண்டாம். அந்த வாரங்களில் தராசடியில் நிற்பவருக்குப் புதிய திரையைப் பழக நேரமிருக்காது. உங்கள் கணக்காண்டு ஏப்ரல் 1 இல் தொடங்குவதாக இருந்தால் அந்த நாளே பொருத்தமானது. பெரும்போக நெல்லின் பெரும்பகுதி அதற்குள் களஞ்சியத்துக்கு வந்துவிடும். மார்ச் 31 மாலை மூட்டைகளை எண்ணி, நிறுத்து, அந்த இருப்பையே தொடக்க இருப்பாகப் பதியுங்கள். பழைய கணினி காட்டும் இருப்பை அப்படியே ஏற்றாதீர்கள். ஏப்ரல் முழுவதும் பழைய முறையிலும் எழுதி வாருங்கள். மாத முடிவில் இரண்டும் ஒத்துப்போனால் பழையதை நிறுத்தலாம்.