சாவி எடுத்தது பிள்ளை, வழக்கு யார் மேல்?

18 வயது நிரம்பாத பிள்ளைகள் வண்டி ஓட்டி மாட்டிக்கொள்வது பற்றி வந்த கேள்விகள் இவை. மோட்டார் வாகன வழக்குகள் நடத்தும் வக்கீலாகப் பதில் சொல்கிறேன்.

என் மகனுக்கு 17. டியூஷன் ரெண்டு தெரு தள்ளித்தான். பிடிச்சா ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்ல சார்?

முடியாது சார். 2019 செப்டம்பர் 1 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்ற பிரிவு அமலில் இருக்கிறது. பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவர் அல்லது வண்டியின் உரிமையாளர்தான் குற்றவாளி. 3 வருடம் வரை சிறை, கூடவே 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ரெண்டு தெருவா, பைபாஸா என்று சட்டம் பார்க்காது.

பிள்ளைக்கு? 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது, எல்.எல்.ஆர்கூடக் கிடையாது. என்னிடம் வந்த ஒரு அப்பா, ஆர்.சி. புக்கை ரேஷன் கார்டு போட்டிருந்த பிளாஸ்டிக் கவரிலேயே வைத்து எடுத்து வந்தார். சிறையைப் பற்றியோ அபராதத்தைப் பற்றியோ அவர் கேட்கவே இல்லை. "மாமாகூட லாரிக்குப் போறேன்னு இருக்கான், அதுக்கு ஒண்ணும் ஆகாதே சார்?" என்றார். அந்தக் கவரையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். படிப்பு ஏறாத பிள்ளைக்கு ஓட்டுநர் வேலைதான் சோறு. அதில் ஏழு வருடம் போகும் என்று எந்த வாயால் சொல்வது?

வண்டி என் பேர்ல. மச்சான் மகன் கேக்காம எடுத்துட்டுப் போயிட்டான். நான் மாட்டுவேனா?

நீங்கள் சம்மதித்துத்தான் கொடுத்தீர்கள் என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க வேண்டிய எல்லா முயற்சியும் எடுத்தீர்கள் என்றோ நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சாவி வாசல் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால் எதைச் சொல்லி நிரூபிப்பது? இன்றைக்கே அதை பீரோவுக்குள் வையுங்கள்.

எனக்கு 16 ஆயிடுச்சு அண்ணா. ஸ்கூட்டிக்கு லைசென்ஸ் தருவாங்களா?

50 சி.சி.க்கு மேல் போகாத வண்டிக்கு மட்டும் தருவார்கள் தம்பி. பெற்றவர் எழுத்துமூலம் சம்மதம் தர வேண்டும். உங்கள் வீட்டு ஸ்கூட்டர் 110, 125 சி.சி.யாகத்தான் இருக்கும், அதற்கு 18 ஆக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி ஸ்கூட்டர்?

மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. அதற்கு மேல் எல்லாம் மோட்டார் வாகனம்தான். கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாமல் வண்டியின் தாளைப் பாருங்கள்.

விபத்து ஆகிட்டா இன்சூரன்ஸ் கொடுக்குமா?

அடிபட்டவருக்கு முதலில் கம்பெனியே கொடுக்கும்படி கோர்ட் சொல்லலாம். ஆனால் ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாததால் அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளவும் உத்தரவிடும். உயிரிழப்பு என்றால் அது பல லட்சம். வீட்டை விற்றுக் கட்டும் நிலைமை வரலாம். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி ரெண்டு இளம் பொறியாளர்கள் இறந்தது நினைவிருக்கும். போன உயிருக்கு எந்தத் தொகை ஈடு?

போன மாசம் என் பையன் மேல கேஸ் போட்டுட்டாங்க. வக்கீல் வைக்க வசதி இல்லை. என்ன செய்யட்டும்?

பயப்படாதீங்கம்மா. பிள்ளையின் வழக்கை இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும், பெரியவர்களோடு சிறையில் போட மாட்டார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். எஃப்.ஐ.ஆர். நகல், பையனின் பிறப்புச் சான்று, ஆர்.சி. மூன்றையும் எடுத்துப் போங்கள். அந்த வக்கீலைப் பார்க்கும் முன்னால் எந்தத் தாளிலும் நீங்களோ பையனோ கையெழுத்துப் போடாதீர்கள்.