வாசகர் கேள்வி–பதில்: சிறு கப்பலில் பனியாற்றின் வாசல்வரை

சென்ற இதழில், தென் அமெரிக்காவின் தென்முனையருகே உள்ள மகெல்லன் நீரிணை வழியாக நானும் என் தங்கையும் போய்வந்த கப்பல் பயணத்தைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு நம் தென்னாப்பிரிக்காவில் குவாசூலு-நட்டாலின் பல ஊர்களிலிருந்தும் ஜொகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். டர்பன் துறைமுகத்திலிருந்து மொசாம்பிக் கரைக்குப் போகும் பெரிய உல்லாசக் கப்பலில் இரண்டு முறை சென்றிருக்கிறோம். வரும் ஆண்டு எங்கள் நாற்பதாவது மணநாளுக்கு, யாருமே இல்லாத இடத்தில் பனியாறுகளைப் பார்க்க விரும்புகிறோம். நார்வேக்குப் போவதா, சிலிக்குப் போவதா? சிறிய கப்பலில் நீச்சல்குளம்கூட இல்லை என்கிறார்கள். கட்டணமோ பல மடங்கு. அந்தப் பணம் எதற்கு? (ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்)

பதில்: பனியாற்றின் அருகே போய் நிற்பதற்கு, அம்மா. வேறு எதற்கும் அல்ல.

ஃபியோர்டு என்பது இரு புறமும் செங்குத்தான மலைச்சுவர் எழுந்து நிற்க, நடுவே கடல் புகுந்து கிடக்கும் நீண்ட, ஒடுங்கிய நீர்வழி. ஆயிரக்கணக்கானோரை ஏற்றிய பெரிய கப்பலும் சிலியின் தெற்கே உள்ள பீகிள் கால்வாய் வழியே போகத்தான் செய்கிறது. ரோமான்ஷ், அலெமானியா, பிரான்சியா, இத்தாலியா, ஹொலாந்தா என்று வரிசையாக மலையிலிருந்து தொங்கும் பனியாறுகளை மேல்தளத்தில் நின்று அவர்களும் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கப்பல் கிளை ஃபியோர்டுகளுக்குள் திரும்ப முடியாது; அத்தனை பேரையும் கரையில் இறக்கவும் முடியாது. சிலியின் புந்தா அரேனாஸ் நகருக்கும் அர்ஜென்டினாவின் உசுவாயா நகருக்கும் இடையே நான்கு இரவுகள் பயணம் செய்யும் வென்டஸ் ஆஸ்ட்ராலிஸ், ஸ்டெல்லா ஆஸ்ட்ராலிஸ் ஆகிய இரு கப்பல்களிலும் தலா 210 பேர்தான் பயணம் செய்யலாம். அவை பியா என்னும் ஃபியோர்டுக்குள் நுழைந்து நங்கூரமிட்டு, நம்மை ரப்பர் படகுகளில் ஏற்றி, பனியாற்றுக்கு எதிரே உள்ள பாறையில் இறக்கிவிடுகின்றன. அங்கே நிற்கும்போது பனிச்சுவர் உள்ளுக்குள் முறிகிற ஓசை இடியைப் போல வருகிறது. ஓசை கேட்டுத் திரும்பினால், வீடளவு பாளம் ஏற்கெனவே நீரில் விழுந்து முடிந்திருக்கும். அதன் அலைதான் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும். அதனால்தான் வழிகாட்டிகள் படகைச் சுவரிலிருந்து எட்டவே நிறுத்துகிறார்கள். திரும்பும் வேளையில் சிலர் பனியாற்றுக் கட்டி மிதக்கும் விஸ்கியைக் கையில் வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் சூடான சாக்லேட்டைக் குடித்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் நின்றோம்.

இனி நார்வே. சொக்னே ஃபியோர்டு 205 கிலோமீட்டர் நீளமும் 1,300 மீட்டருக்கு மேல் ஆழமும் உடையது. அதன் கம்பீரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள கெய்ராங்கர், நேரோய் போன்ற நார்வே ஃபியோர்டுகளுக்குள், 10,000 டன் கொள்ளளவுக்குக் குறைந்த பயணிகள் கப்பல்கள் 2026 முதல் புகையே விடாமல் வர வேண்டும் என்று அந்நாட்டு அரசு விதித்திருப்பதையும் நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் அங்கே கரையோரம் ஊர்கள் உண்டு, சாலைகள் உண்டு, ஆப்பிள் தோட்டங்கள்கூட உண்டு. தங்கள் கடிதத்தில் "யாருமே இல்லாத இடம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தெற்கே போங்கள். நம் கோடைகாலமே அங்கும் கோடைகாலம். டிசம்பரில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். நார்வேக்கு நம் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஷெங்கன் விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும். சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் சுற்றுலாவாகப் போக 90 நாள் வரை விசா வேண்டியதில்லை.

கட்டணத்தை ஒப்பிடும்போது விளம்பரத்தில் காட்டும் தொகையை மட்டும் பார்க்க வேண்டாம். நான் சொன்ன வகைக் கப்பல்களில் கரையிறங்கும் பயணங்கள், வழிகாட்டிகள், குடிபானங்கள் எல்லாம் அதிலேயே அடங்கும். பெரிய கப்பலில் அவை ஒவ்வொன்றுக்கும் தனிச்சீட்டு எழுதப்படும். எல்லாம் அமெரிக்க டாலரில் என்பதால், முன்பணம் கட்டிய நாளுக்கும் மீதியைக் கட்டும் நாளுக்கும் இடையே ராண்ட் சரிந்தால் நம் கணக்கு தவறிப்போகும். அதற்கென்று கொஞ்சம் தனியாக எடுத்து வையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. ரப்பர் படகில் ஏறி இறங்க முடியுமா? கடல் குமட்டல் எப்படி? (ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: கப்பலின் பின்புறத்தில் நீர்மட்டத்துக்கு அருகே உள்ள மேடையிலிருந்து படகில் ஏற வேண்டும். மாலுமி நம் முன்கையைப் பற்றுவார், நாம் அவர் முன்கையைப் பற்ற வேண்டும். விரல்களைப் பிடித்தால் ஈரத்தில் வழுக்கிவிடும். வீட்டு மாடிப்படியில் கைப்பிடி இல்லாமல் பத்துப் படி ஏறி இறங்க அம்மாவால் முடிந்தால் இதுவும் முடியும். நடைகள் எளியது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்படுகின்றன, எளியதில் சேருங்கள். தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்ன் தீவில் மட்டும் கரையிலிருந்து செங்குத்தான மரப்படிகள் நிறைய உண்டு. அங்கே அம்மா கப்பலிலேயே அமர்ந்து கண்ணாடி வழியே பார்ப்பது நல்லது. காற்று மிகுந்தால் எவருமே இறங்க முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்தத் தீவு இருக்கும் 56 பாகை தெற்கு என்பது நம் அகுல்லாஸ் முனையைவிட 21 பாகை கீழே.

கால்வாய்களுக்குள் நீர் குளம்போல் இருக்கும். கேப் ஹார்னை அணுகும் திறந்த கடலில்தான் கப்பல் ஆடும்; அந்த இரவுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, ஆட்டம் தொடங்குமுன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அவசர மீட்புச் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் அம்மாவை அழைத்துச் செல்லாதீர்கள்.

கேள்வி: ஜனவரியில் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பேன். கப்பலில் சைவ உணவு கிடைக்குமா? அறையில் விளக்கேற்றலாமா? (ஒரு வாசகி, டோங்காட்)

பதில்: உணவு கிடைக்கும், ஆனால் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். புந்தா அரேனாஸை விட்டுவிட்டால் நடுவே கடை கிடையாது. சமையற்காரர் ஏற்றிக்கொண்டதுதான் உண்டு. "சைவம்" என்றால் மீன் சாப்பிடுவார் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆகவே இறைச்சி, கோழி, மீன், முட்டை கூடாது என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். எனினும் பாத்திரம் தனியாக இருக்காது.

விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம் எதையும் ஏற்றக்கூடாது. நடுக்கடலில் தீயைப் போன்ற ஆபத்து வேறில்லை; எந்தப் பயணிகள் கப்பலிலும் இதே விதிதான். பேட்டரி விளக்கு ஒன்றை எடுத்துச் செல்லலாம். என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன்: விரத நாட்களையும் குளிர்காற்றில் மலையேறுவதையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டாம். காவடி எடுத்து முடித்து, குடும்பத்தாரோடு உண்டு களைப்பாறிவிட்டு, பிப்ரவரிக் கடைசியில் புறப்படுங்கள். கப்பல்கள் மார்ச் முடியும்வரை ஓடும். பெங்குவின்களும் அதுவரை, கப்பல் போகும் வழியில் உள்ள டக்கர்ஸ் தீவுகளில் இருக்கும். சைமன்ஸ் டவுனில் நாம் பார்க்கும் ஆப்பிரிக்கப் பெங்குவினுக்கு அவை நெருங்கிய உறவு. நம்முடையது 2024 இல் மிகவும் அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது என்பதை நினைத்தபடிதான் நான் அவற்றைப் பார்த்தேன்.

கேள்வி: பனியாறு ஏன் நீலமாக இருக்கிறது? பனியாறுகள் உருகி அழிகின்றன என்று பள்ளியில் படிக்கிறோம். அப்படியிருக்க அங்கே போவது சரியா? (ஒரு மாணவர், லெனேசியா)

பதில்: புதிதாக விழுந்த பனியில் காற்று நிறைந்திருக்கிறது, ஒளி எல்லாத் திசையிலும் சிதறுவதால் அது வெண்மையாகத் தெரிகிறது. ஆண்டுக்கணக்கில் மேலே பனி குவியக் குவிய அடியில் உள்ளது நசுங்கி, காற்று பெரும்பாலும் வெளியேறி, கெட்டியான கட்டியாகிறது. அத்தகைய கட்டிக்குள் ஒளி வெகு தூரம் போகும்போது சிவப்பு உறிஞ்சப்பட்டு நீலம் மிஞ்சுகிறது. அந்தக் கட்டியின் துண்டு கடலில் உருகும்போது, உள்ளே அடைபட்ட காற்றுக்குமிழ்கள் வெடித்துச் சடசடவென்று ஒலிக்கும். எண்ணெயில் கடுகு பொரிவதை நினைத்துக்கொள்.

கட்டி ஒரே இடத்தில் நிற்பதில்லை. தன் பாரத்தாலேயே மெல்ல நகர்ந்து, அடியில் சிக்கிய கற்களால் பாறையை அரைத்து, கடல்மட்டத்துக்கும் கீழே பள்ளம் தோண்டுகிறது. பனியூழிக்காலம் முடிந்து அது பின்வாங்கியபோது அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தது. அதுதான் ஃபியோர்டு. இதைப் படிக்க நீ சிலிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, தம்பி. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் தென்னாப்பிரிக்காவே பனியாற்றின் கீழ் இருந்தது. அது விட்டுச் சென்ற ட்வைக்கா என்னும் கற்படிவம் டர்பனைச் சுற்றியும் உண்டு. கிம்பர்லிக்கு அருகே நூயிட்கெடாக்டில், பனியாறு பாறையில் கீறிய கோடுகளையே விரலால் தடவிப் பார்க்கலாம்.

உன் இரண்டாவது கேள்விக்கு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது. தென் அமெரிக்காவின் தென்பகுதியான பட்டகோனியாவின் பனியாறுகளில் பெரும்பாலானவை சுருங்கி வருகின்றன. பீயோ பதினொன்று என்னும் மிகப் பெரிய பனியாறு மட்டும் சென்ற நூற்றாண்டில் முன்னேறியது விதிவிலக்கு. நாங்கள் போன விமானமும் கப்பலும் எரித்த எரிபொருள் அந்த வெப்பத்தில் சேர்ந்திருக்கிறது. இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. வாழ்நாளில் ஒரு முறை, நீண்ட நாள் தங்கி, அறிந்து வருவதற்காகப் போகிறவரை நான் தடுக்க மாட்டேன். படம் எடுத்துப் போட மட்டும் போகிறவருக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

கேள்வி: அந்தக் கரைகளில் மனிதர்களே வாழ்ந்ததில்லையா? (ஒரு வாசகர், கெபெர்ஹா)

பதில்: வாழ்ந்தார்கள், ஐயா. யாகான் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அந்தக் கால்வாய்களில் மரப்பட்டை ஓடங்களில் வாழ்ந்தார்கள். ஓடத்தின் நடுவிலேயே தீயை அணையாமல் காத்தார்கள். 1520 இல் மகெல்லன் அந்நீரிணையைக் கடந்தபோது கரைகளில் கண்ட தீயினால்தான் தியர்ரா டெல் ஃபுவேகோ, அதாவது தீநிலம், என்ற பெயரே வந்தது. 1830 இல் பீகிள் கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய் அப்பகுதி மக்கள் நால்வரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஒருவர் அம்மையில் இறந்தார். மற்ற மூவரும் 1833 இல், இளைஞர் டார்வின் உடன்வர, வுலாயா விரிகுடாவில் கொண்டுவந்து விடப்பட்டார்கள். நாங்கள் போன பயணக் கப்பல் இன்றும் அங்கே நின்று செல்கிறது. காட்டுவழியே மேலேறினால் விரிகுடா முழுவதும் தெரியும். பின்னர் வந்தேறிகளும் அவர்களோடு வந்த நோய்களும் அம்மக்களை மிகச் சிலராகக் குறைத்தன. யாகான் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மூதாட்டி கிறிஸ்தினா கால்டெரோன் 2022 பிப்ரவரியில் தம் 93 ஆம் வயதில் மறைந்தார். அவர் தம் பேத்தியோடு சேர்ந்து அம்மொழியின் சொற்களைத் தொகுத்து வைத்தார்.

1860 இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குக் கொண்டுவந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழியில் வந்தவன் நான். என் ஆயா பேசிய தமிழில் பாதிகூட என் பிள்ளைகளிடம் இல்லை. வுலாயாவின் கரையில் வழிகாட்டி அந்த மூதாட்டியைப் பற்றிச் சொன்னபோது, என் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கேள்வி: டர்பனிலிருந்து எப்படிப் போவது? எதை எடுத்துப் போகக்கூடாது? (ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து சாவோ பாவுலோ, அங்கிருந்து சாந்தியாகோ, பிறகு புந்தா அரேனாஸ். பிரேசிலில் இறங்கித் தங்கினாலோ, அதன் விமான நிலையத்திலேயே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலோ, நாடு திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். சிலியின் எல்லையில் விதை, பழம், பச்சை இலை எதையும் விடமாட்டார்கள். கறிவேப்பிலையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மசாலாத்தூளும் ஊறுகாயும் கொண்டுபோனால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள், எழுதாமல் பிடிபட்டால் அபராதம். பருத்தி ஆடை ஈரமானால் காயாது. கம்பளி உள்ளாடையும் மழை புகாத மேலாடையும் கால்சட்டையும் வேண்டும். வெயில் மங்கலாகத் தெரிந்தாலும் அங்கே ஓசோன் படலம் மெலிந்திருப்பதால் தோலுக்குக் களிம்பு பூசிக்கொள்ளுங்கள்.

கப்பல் புறப்படும் நாளன்றே போய்ச் சேராதீர்கள். அன்று போனாலே போதும் என்று எங்கள் முகவர் உறுதியாகச் சொன்னார். எங்கள் பெட்டிகள் சாந்தியாகோவில் தங்கிவிட்டன. புந்தா அரேனாஸ் கடையில் அவசரமாக வாங்கிய இரண்டு கம்பளிச் சட்டைகளோடுதான் நான் கேப் ஹார்ன்வரை போய்வந்தேன். இரண்டு நாள் முன்னதாகப் போய்விடுங்கள்.