வாசகர் கேள்விகள்: விருந்தினரின் தேசத்தை அறிதல்

கேள்வி: எங்கள் சபையின் இளைஞர் ஐக்கியத்துக்கு எத்தியோப்பியாவிலிருந்து படிக்க வந்த மாணவர் ஒருவர் சில வாரங்களாக வருகிறார். அவரை வீட்டுக்கு அழைக்கும் முன் அவருடைய நாட்டைக் கிறிஸ்தவக் கண்ணோட்டத்தில் தெரிந்துகொள்ள விரும்புகிறோம். பஞ்சம், வறுமை, போர் பற்றி ஒரு ஜெபக் குறிப்பு தயாரித்திருக்கிறோம். வேறு எதைப் படிக்கலாம்?

பதில்: அந்தக் குறிப்பைச் சற்றுக் காலம் இழுப்பறையிலேயே வைத்திருங்கள். 1984ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் படங்கள் மனத்தில் பதிந்துவிட்டதால், எத்தியோப்பியா என்றாலே பலருக்கு எலும்பும் தோலுமான குழந்தைதான் நினைவுக்கு வருகிறது. உங்கள் விருந்தினரோ அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவர். இல்லாமையிலிருந்து தொடங்காமல், தேவன் அங்கே ஏற்கெனவே செய்திருப்பதிலிருந்து தொடங்குங்கள். ஏதென்ஸில் பவுல் வாய் திறப்பதற்கு முன் ஊரைச் சுற்றிப் பார்த்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் சொல்கிறது.

நான்காம் நூற்றாண்டில் எத்தியோப்பியாவின் பழைய அரசான அக்சுமின் அரசன் எசானா கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டபோது, அவனுடைய நாணயங்களில் பிறையும் வட்டமும் இருந்த இடத்தில் சிலுவை வந்தது. அரசவையில் வளர்ந்த ஃப்ருமென்டியுஸ் என்ற சிரியரை அந்த நாட்டுக்கு ஆயராக அபிஷேகம் செய்தவர் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ். ஐரோப்பிய மிஷனரிகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே கீயஸ் என்ற பழைய எத்தியோப்பிய மொழியில் வேதாகமம் வாசிக்கப்பட்டது. லாலிபெலாவில் பாறையைக் குடைந்து செதுக்கிய 11 ஆலயங்களில் இன்றும் வழிபாடு நடக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் பிலிப்புவிடம் ஞானஸ்நானம் பெற்ற, எத்தியோப்பிய ராணி கந்தாகேயின் மந்திரியைப் பற்றி அவரிடம் பெருமையாகச் சொல்ல நினைத்தால் ஓர் எச்சரிக்கை: அந்த ராணியின் தலைநகரான மெரோவே இன்றைய சூடானில் இருக்கிறது.

இனி என் சொந்த அனுபவம். பல ஆண்டுகளுக்கு முன் அந்த நாட்டு மாணவர் ஒருவரை வெள்ளிக்கிழமை மாலை விருந்துக்கு அழைத்து, மேசை நிறைய இறைச்சியும் முட்டையும் வைத்தோம். அவர் வெறும் ரொட்டியைப் பிட்டுப் பிட்டு மென்றுகொண்டே, வயிறு சரியில்லை என்று புன்னகையுடன் சொன்னார். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் விசுவாசிகள் புதன், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடுவதில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. உபவாசத்தைப் பற்றி அன்று காலைதான் நான் பிரசங்கித்திருந்தேன்!

ஆனாலும் அவர் ஆர்த்தடாக்ஸ் என்று நீங்களாகவே முடிவு செய்துவிட வேண்டாம். 2007ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்களில் சுமார் 43 விழுக்காட்டினர் ஆர்த்தடாக்ஸ் சபையினர், 34 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், 18 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமானோர் புராட்டஸ்டண்டுகள். மக்காவில் துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் அக்சுமின் கிறிஸ்தவ அரசர் என்பதை இஸ்லாமிய மரபு நன்றியுடன் நினைவுகூர்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. 2020 நவம்பர் முதல் 2022 நவம்பர் வரை திக்ராய் பகுதியில் நடந்த போரைப் பற்றியும், அவர் எந்த இனத்தவர் என்பதைப் பற்றியும் பலர் முன்னிலையில் கேட்காதீர்கள். அந்தப் போரில் ஒரே விசுவாசத்தார் இரு பக்கமும் நின்றார்கள். அவராகப் பேசினால் கேளுங்கள். ஜெபக் குறிப்பை வெளியே எடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

கேள்வி: நாங்கள் விருந்தோம்பும் ஜப்பானிய மாணவி தனக்கு மதம் எதுவும் இல்லை என்கிறார். அவருடைய நாட்டில் கிறிஸ்தவக் கண்களால் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: நாகசாகி இருக்கிறது. 1597இல் அங்கே 26 விசுவாசிகள் சிலுவையில் அறையப்பட்டார்கள். 1614இல் கிறிஸ்தவம் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. குருவானவர் எவரும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக மறைவில் ஞானஸ்நானம் கொடுத்து விசுவாசத்தைக் காத்தவர்கள், 1865இல் அங்குள்ள ஓவுரா ஆலயத்துக்கு வந்து, தாங்களும் அதே விசுவாசத்தினர் என்று பிரெஞ்சுக் குருவிடம் மெல்லச் சொன்னார்கள். தடை அறிவிப்புப் பலகைகள் 1873இல்தான் அகற்றப்பட்டன. 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு வெடித்தது அந்தக் கிறிஸ்தவர்கள் நெருங்கி வாழ்ந்த உரகாமி பகுதிக்கு மேலே. போட்டது தன்னைக் கிறிஸ்தவ நாடாக எண்ணிக்கொண்ட ஒரு நாடு. அந்த மாணவியின் முன் இதில் முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், நாம் நேர்மையாகப் பேசியதாகாது. மதம் இல்லை என்பவர் புத்தாண்டில் ஷின்டோ கோயிலுக்கும், நீத்தார் சடங்குக்குப் பௌத்த ஆலயத்துக்கும் போகக்கூடும். அதை முரண்பாடு என்று சுட்டிக்காட்டாமல், அங்கே என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: பேச்சை எங்கே தொடங்குவது?

பதில்: பெயரில். எத்தியோப்பியர் பெயரில் இரண்டாவதாக வருவது குடும்பப் பெயர் அல்ல, தந்தையின் பெயர். இனிஷியல் போடும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹைலே செலாசி என்றால் திரித்துவத்தின் வல்லமை, தெஸ்ஃபாயே என்றால் என் நம்பிக்கை. உங்கள் பெயருக்கு என்ன பொருள், யார் வைத்தார்கள் என்று அவரிடம் கேளுங்கள். பாட்டியின் கதையோ, ஊர் ஆலயத்தின் கதையோ தானாக வரும்.