பென் டிரைவில் ஏற்றித் தரும் பாட்டு

கேள்வி: அண்ணாச்சி, செங்கோட்டையில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற லாரி டிரைவர்கள் பென் டிரைவைக் கொடுத்துப் பாட்டு ஏற்றித் தரச் சொல்வார்கள். ஐநூறு பாட்டுக்கு நூறு ரூபாய். யூடியூபில் சும்மா கிடைப்பதுதானே, என் நேரத்துக்கும் கரண்டுக்கும்தான் காசு வாங்குகிறேன். காலேஜ் படிக்கிற மகள் இது திருட்டு என்கிறாள். அப்படியா?
- பெயர் வேண்டாம், செங்கோட்டை.

பதில்: தம்பி, திருட்டு என்ற சொல்லை விடுங்கள், நீங்கள் நகலெடுத்ததால் யாரிடமும் அந்தப் பாட்டு இல்லாமல் போகவில்லை. ஆனால் நேரத்துக்கும் கரண்டுக்கும்தான் காசு என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அதே நேரம் செலவழித்து வேறு எதையாவது ஏற்றிக் கொடுத்தால் அந்த டிரைவர் நூறு ரூபாய் தருவாரா? அவர் கொடுப்பது பாட்டுக்கு. யூடியூபும் சும்மா இல்லை, அங்கே ஓடுகிற விளம்பரக் காசில் உரிமைக்காரருக்குப் பங்கு போகிறது, உங்கள் பென் டிரைவிலிருந்து போவதில்லை.

நானும் ஒரு காலத்தில் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, வெற்று கேசட்டோடு ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தவன்தான். அதைத் தப்பென்று அப்போது நினைக்கவே இல்லை. நினைக்க வைத்தது ஒரு கோயில் கொடைத் திருவிழா. வில்லுப்பாட்டு பாட வந்த அம்மா விடிய விடியப் பாடிவிட்டு, காலையில் கோயில் வாசலில் துண்டை விரித்து, சொந்தக் காசில் பதிவு செய்த சிடிகளை அடுக்கி உட்கார்ந்திருந்தார், தொண்டை கட்டிப்போய் விலையை விரலால்தான் காட்டினார். மூன்று விற்றது. வாங்கிய மூன்றில் ஒன்றை மத்தியானத்துக்குள் ஊரே போனில் ஏற்றிக்கொண்டது, நானும் ஏற்றிக்கொண்டேன். இன்றைக்கும் அந்த விரல் எனக்கு மறக்கவில்லை.

சினிமாப் பாட்டு எழுதுகிறவருக்கும் இசையமைக்கிறவருக்கும், ராயல்டிப் பங்கை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் ஓரளவு காவல் தந்தது. அந்த அம்மாவுக்கு விற்கிற சிடிதான் வருமானம்.

சட்டம் என்று பார்த்தால், 1957 பதிப்புரிமைச் சட்டம் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் இடம் விடுகிறது, கடை போட்டு விற்பதற்கு விடவில்லை. மாட்டினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். பழைய பாட்டுதானே என்றும் சொல்ல முடியாது, ஒலிப்பதிவுக்கு 60 வருடம், எழுதியவர் உரிமை அவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம்.

சரி, பிழைப்புக்கு என்ன செய்வது? டிரைவர்களுக்கு வேண்டியது ஆரியங்காவு மலையேறும்போது சிக்னல் இல்லாவிட்டாலும் பாட்டு நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். காசு கட்டிக் கேட்கிற பாட்டு ஆப்பைப் போட்டு, அதற்குள்ளேயே பாட்டுகளை இறக்கி வைத்து, லாரி செட்டோடு புளூடூத்தில் இணைத்துக் கொடுங்கள், அந்த வேலைக்கு நூறு ரூபாய் தாராளமாக வாங்கலாம். அப்புறம், உங்கள் பக்கத்து வில்லுப்பாட்டுக் குழுக்களிடம் பேசி, அவர்கள் பாட்டு ஏற்றிய பென் டிரைவை அவர்கள் சொல்கிற விலைக்கே கடையில் வையுங்கள், ஒன்று எனக்கும் எடுத்து வையுங்கள்.