தறிக்காரருக்கு மெயில் எதற்கு?

கேள்வி: சென்னிமலையில் பெட்ஷீட் தறி ஓட்டுகிறோம். வெளியூர் வியாபாரி பில்லையும் டிசைன் படங்களையும் மெயிலில் கேட்கிறார். மகன் போனில் ஜிமெயில் போட்டுக் கொடுத்திருக்கிறான். எப்படி அனுப்புவது?
– ஒரு வாசகி

பதில்: தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம் அக்கா. பெருந்துறையில் என் பிரவுசிங் சென்டருக்கு வருகிற தறிக்காரர்கள் பலரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

ஜிமெயிலைத் திறந்தால் கீழே வலது ஓரத்தில் பென்சில் படம் இருக்கும். அதைத் தொட்டு, 'டூ' என்ற இடத்தில் வியாபாரியின் முகவரியை இடைவெளி விடாமல் அடியுங்கள். அடுத்தது 'சப்ஜெக்ட்', அதாவது மெயில் எதைப் பற்றியது என்ற தலைப்பு. இதை மட்டும் காலியாக விடாதீர்கள். 'சென்னிமலை பெட்ஷீட் பில், 60 உருப்படி' என்று போட்டால், அவர் ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும்.

மேலே பேப்பர் கிளிப் படத்தைத் தொட்டு பில்லையும் படங்களையும் சேருங்கள். ஒரு மெயிலில் எல்லாம் சேர்த்து 25 எம்.பி. (ஃபைலின் அளவு) வரைதான் இணைக்க முடியும். படம் அதிகமென்றால் இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். மேலே உள்ள அம்புக்குறியைத் தொட்டு அனுப்பியதும், 'சென்ட்' (அனுப்பியவை) பகுதியில் மெயில் போய்விட்டதா என்று ஒருமுறை பாருங்கள்.

அப்புறம் ஒன்று. 'பேங்க் கணக்கு மாறிவிட்டது, புது எண்ணுக்குப் பணம் போடுங்கள்' என்று நூல்காரர் பெயரில் மெயில் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அவருடைய போன் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.