கணவருக்கு இருமுனைக் கோளாறு என்று தெரிந்த பிறகு குடும்பம் எப்படி நடந்துகொள்வது?

கணவருக்கு இருமுனைக் கோளாறு இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்று எழுதி, மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறீர்கள்: மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா, நோய் திரும்புவதை முன்கூட்டியே அறிய முடியுமா, அவர் சிகிச்சைக்கு மறுத்தால் என்ன செய்வது. நான் மருத்துவர் அல்ல. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகும் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். முதலமடைப் பக்கத்து மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் என் அண்ணனுக்குப் பல ஆண்டுகளாக இதே நோய் இருக்கிறது. அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே வளவில்தான். எனக்குத் தெரிந்தவற்றில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் திரும்பினால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை, உங்கள் கணவர் தெளிவாக இருக்கும் காலத்தில் அவரே முடிவு செய்து எழுதித் தர வேண்டும். மருந்துக்கு அடுத்தபடியாக எங்கள் குடும்பத்தை நிலைநிறுத்தியது அதுதான்.

இந்த நோயில் மனம் சில காலம் அளவுக்கு மீறி எழுகிறது, சில காலம் அளவுக்கு மீறித் தாழ்கிறது, இடையில் முழுக்க இயல்பாகவும் இருக்கிறது. பொதுவாக எழுச்சி குறைந்தது ஒரு வாரமும் தாழ்வு குறைந்தது இரண்டு வாரமும் நீடித்தால்தான் மருத்துவர்கள் அதை நோயின் ஒரு சுற்றாகக் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே காலையில் கோபமும் மாலையில் சிரிப்புமாக இருப்பவரையெல்லாம் இந்தப் பெயரால் அழைப்பது சரியன்று. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில் கேரளமும் தமிழ்நாடும் இருந்தன. ஆயிரம் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்று பேருக்கு இந்நோய் அப்போது இருந்தது என்றும், அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையில் இல்லை என்றும் அது சொன்னது. அண்ணனுக்கு முதலில் வந்தது தாழ்வுதான் என்பதால், அப்போது பார்த்த மருத்துவர் வெறும் மனச்சோர்வு என்று கருதி அதற்கான மருந்தை மட்டும் கொடுத்தார். இருமுனைக் கோளாறு உள்ள சிலருக்கு அந்த மருந்து தனியாகக் கொடுக்கப்படும்போது எழுச்சியைத் தூண்டிவிடும். அண்ணனுக்கும் அப்படித்தான் ஆயிற்று. உங்கள் கணவர் எப்போதாவது தூக்கமே இல்லாமல் மிகுந்த உற்சாகத்துடன் அலைந்த காலம் உண்டா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

முன்கூட்டியே அறிய முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும். எதில் தொடங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் பலருக்கும் முதலில் மாறுவது தூக்கம்தான். அண்ணனுக்கு மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்று தோன்றத் தொடங்கும். விடியும் முன்பே தோப்புக்காரர்களுக்குப் போன் போடுவார். பூ நன்றாகப் பிடித்திருக்கிறது என்று கேள்விப்பட்ட தோப்புக்கெல்லாம் பைக்கில் போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவார். பேசிப் பேசியே தொண்டை கட்டிக்கொள்ளும். அந்த நிலையில் அவர் மிகுந்த மகிழ்ச்சியுடன் இருப்பதால், ஊரில் பார்ப்பவர்களுக்கு அது சுறுசுறுப்பாகவே தெரியும். அண்ணி சமையலறையில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில், பால் கணக்கு எழுதும் அதே கட்டத்தில், அண்ணன் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதையும் சிறிய எண்ணாகக் குறித்து வைக்கிறார். அந்த எண் இறங்கிக்கொண்டே வந்தால், வேறு எந்த அறிகுறிக்கும் காத்திராமல் மருத்துவரை அழைத்துவிடுவோம். தூக்கக் குறைவு நோயின் அறிகுறி மட்டுமன்று, அதைத் தூண்டும் காரணமும் ஆகும். எங்கள் பக்கம் ஜனவரியிலேயே காய் பறிப்பு தொடங்கிவிடும். தரம் பிரித்துப் பெட்டி கட்டி லாரியில் ஏற்றும் வேலை பல நாள் நள்ளிரவைத் தாண்டும். அந்த இரவு வேலையை இப்போது அண்ணியின் தம்பி பார்த்துக்கொள்கிறார். எங்கள் சித்தூர் தாலுகாவிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. இங்கே குடியைத் தவிர்ப்பது எளிதன்று. இருந்தாலும் தூக்கத்தையும் மருந்தையும் கெடுக்கும் என்பதால் அண்ணன் அதை விட்டுவிட்டார்.

மாத்திரையைப் பொறுத்தவரை, இந்நோய் திரும்பத் திரும்ப வரும் இயல்புடையது என்பதால், பலருக்கும் நீண்ட காலமாக, சிலருக்கு ஆயுள் முழுவதுமே, மருந்து தேவைப்படுகிறது. சரியாகிவிட்டது என்று தோன்றும்போது நிறுத்தத் தோன்றும். ஆனால் அப்படிச் சரியாக இருப்பதே மருந்தினால்தான் என்பது பெரும்பாலானோர் விஷயத்தில் உண்மை. குறைப்பதோ மாற்றுவதோ மருத்துவர் சொற்படி மெதுவாக நடக்க வேண்டும். அண்ணன் சாப்பிடுவது லித்தியம். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனை எழுதியதிலிருந்து இன்றுவரை இதற்குத் தனி இடம் உண்டு, தற்கொலை ஆபத்தைக் குறைப்பதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். தைராய்டும் சிறுநீரகமும் அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும். உடலில் நீரும் உப்பும் குறையும்போது சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டு வெயிலில் தோப்பில் வேலை செய்பவருக்கு இது ஏட்டுச் செய்தி இல்லை. தண்ணீர்ப் பாட்டில் எப்போதும் உடனிருக்கும். உப்பை ஒரேயடியாகக் குறைக்கும் பத்தியம் கிடையாது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் அன்றே மருத்துவரிடம் கேட்டுவிடுவோம். மேல்வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கை நடுக்கம் திடீரென்று அதிகமாவது, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது ஆகியவை உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அடையாளங்கள்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அண்ணனைச் சோட்டானிக்கரை பகவதி கோயிலுக்கும் அழைத்துச் சென்றார்கள். மாத்திரை நிற்காத வரை அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அவருக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும், வேலை குறைவாக இருப்பதால் வந்த கொழுப்பு என்றும் சொன்ன உறவினர்களை நான் கடுமையாகவே எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன்.

இனி, முதலில் சொன்ன அந்த எழுத்துக்கு வருகிறேன். மருத்துவர் யோசனை சொல்ல, அண்ணன் தன் கைப்பட ஒரு தாள் எழுதினார். குறிப்பிட்ட தொகைக்கு மேல் அட்வான்ஸ் கொடுப்பதானால் அண்ணிக்குத் தெரியாமல் கொடுப்பதில்லை என்றும், தூக்கம் குறைந்தால் ஏடிஎம் கார்டையும் பைக் சாவியையும் தானே ஒப்படைத்துவிடுவதாகவும் எழுதினார். மருத்துவமனைக்குத் தன்னை மாமா அழைத்துப் போகட்டும், தன் தம்பி வேண்டாம் என்று ஒரு வரி. தம்பி சொன்னால் அந்த நேரத்தில் தனக்குக் கோபம் ஏறும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு வரி, "மாத்திரை போட்டீங்களா என்று பிள்ளைகள் முன்னால் யாரும் கேட்கக் கூடாது." நாங்கள் அக்கறை என்று நினைத்துச் செய்துவந்த ஒன்று அவரை எவ்வளவு வருத்தியிருக்கிறது என்பதை அந்த வரியில்தான் கண்டோம். நாங்களாகவே உட்கார்ந்து விதிகள் வகுத்திருந்தால் இவற்றில் பாதிகூட வந்திருக்காது. வந்திருந்தாலும் அவர் அவற்றுக்குக் கட்டுப்பட்டிருக்க மாட்டார். பிறகு ஒருமுறை எழுச்சி தலைகாட்டியபோது, வாக்குவாதம் செய்துகொண்டேதான் என்றாலும், மாமாவுடன் காரில் ஏறினார்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதே கருத்துக்குச் சட்ட வடிவம் தந்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய எவரும், பின்னாளில் மனநோயால் தாம் முடிவெடுக்க இயலாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கலாம். தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் செய்யலாம். அவசரச் சிகிச்சையை அந்த எழுத்து தடுக்காது. நோயுற்றவர் சிகிச்சையை மறுத்து, நிலைமை தமக்கோ பிறருக்கோ ஆபத்தாக மாறினால், நியமிக்கப்பட்டவரின் விண்ணப்பத்தின் பேரில், மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு, 30 நாள் வரை உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளவும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு. எந்த நிலையிலும் சங்கிலியால் கட்டுவது குற்றம். 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் இறந்ததை நம் தலைமுறை மறக்கக் கூடாது.

எழுச்சி ஊருக்கே தெரியும். தாழ்வு வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடும். ஆனால் நோயாளிகள் பெரும்பாலும் அதிக காலம் கழிப்பது தாழ்வில்தான், உயிருக்கு ஆபத்தும் அப்போதுதான் மிகுதி. அண்ணன் மலையாளம் சரளமாகப் பேசுபவர், தோப்புக் கணக்குகளையும் அதில்தான் முடிப்பார். ஆனால் மனத்தின் வேதனையைத் தமிழில்தான் சொல்ல முடிகிறது என்பதால் கோவையில் ஒரு மருத்துவரைப் பார்க்கிறோம். மாந்தோப்பு வீடு என்பதால் பூச்சிமருந்து எப்போதும் இருக்கும். அதைத் தோப்புக் கொட்டகையில் பூட்டி, சாவியை அண்ணி வைத்துக்கொள்கிறார். உங்கள் வீட்டிலும் அப்படி எதுவும் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். சாவதைப் பற்றி அவர் பேசினால், நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், மொழியையும் தேர்ந்துகொள்ளலாம். எல்லையின் எந்தப் பக்கம் இருந்தாலும் இது பயன்படும்.

அடுத்த முறை மருத்துவரிடம் இருவருமாகவே போங்கள். கொடுத்திருப்பது என்ன மருந்து, எந்தெந்த ரத்தப் பரிசோதனை எப்போது, தூக்கம் குறைந்தால் எந்த எண்ணில் யாரை அழைப்பது என்ற மூன்றையும் உங்கள் கணவர் வாயாலேயே கேட்க விடுங்கள். எழுதிக்கொள்வது நீங்களாக இருக்கட்டும்.