பக்க எண்ணோடு ஒரு பாராட்டு

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கொரோனா ஊரடங்கில் தோழிகள் நாலைந்து பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாசிப்புக் குழு ஆரம்பித்தோம். இப்போது வேதாரண்யம், பேராவூரணி, மன்னார்குடி, மயிலாடுதுறை என்று நம் பக்கத்து ஆட்களும், துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளுமாகக் குழு பெருத்துவிட்டது. வாரம் ஒரு சிறுகதை. பழைய தலைமுறை எழுத்தாளர் மௌனியையும் படிக்கிறோம், போன மாதம் வந்ததையும் படிக்கிறோம்.

எங்கள் குழுவிலேயே இருக்கும் பேராவூரணிப் பக்கத்துப் பெண் ஒருவர் முதல் நாவல் எழுதியிருக்கிறார். கஜா புயலில் தென்னந்தோப்பை இழந்த ஒரு குடும்பத்தின் கதை. புத்தகம் வந்த அன்றே ஒருவர் அவர் படத்தைப் போட்டு, தஞ்சாவூர் மண்ணின் பெரிய நாவலாசிரியர் பேரைச் சேர்த்து, ‘டெல்டாவின் அடுத்த தி. ஜானகிராமன்’ என்று போஸ்டர் செய்துவிட்டார். இரண்டு நாள் முழுக்கக் கைதட்டலும் இதயக் குறியும்தான். படித்தவர்கள் யார் யார் என்று கேட்டேன், பதில் இல்லை. மூன்றாம் நாள் எங்கள் குழுவின் மூத்தவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ‘தஞ்சாவூர் எழுத்து அந்தத் தலைமுறையோடு முடிந்தது. புதியவர்களைப் பற்றிக் காலம் சொல்லட்டும். நாம் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம்’ என்று எழுதினார். பெரிய சண்டையாகிவிட்டது. அதற்கு நடுவில் யாரோ நாவலின் பி.டி.எஃப். கோப்பைக் குழுவில் போட்டுவிட்டார்கள். நாங்கள் நீக்குவதற்குள் பலர் இறக்கிக்கொண்டார்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகு குழுவில் வாய் திறக்கவில்லை.

மன்னார்குடியில் ஒரு கூட்டம் வைத்து அவருக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்கிறார்கள் சிலர். ஒரே ஒரு நாவல் எழுதியவரை இப்போதே கொண்டாடலாமா? கொண்டாடுவதென்றால் எப்படி?

ஆர்.,
திருத்துறைப்பூண்டி

அன்புள்ள ஆர்.,

இப்போதே கொண்டாடுங்கள். முதல் புத்தகம் வெளியான ஓராண்டுக்குள்தான் ஒருவருக்கு வாசகரின் குரல் மிகவும் தேவைப்படும். அடுத்ததை எழுதுவதா, பிழைப்பைப் பார்ப்பதா என்று அவர் முடிவெடுப்பது அப்போதுதான். நம் பக்கத்தில் ஒரு நல்ல தொகுப்போடு நின்றுபோனவர்கள் உண்டு. நான் பார்த்தவரை, அவர்களில் பலர் எழுத வராமல் நிற்கவில்லை. எழுதியது யாருக்காவது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே நின்றார்கள்.

உங்கள் தமிழய்யாவின் கவலை எனக்குப் புரிகிறது. படிக்காமல் தட்டுகிற கைதட்டல் அவரைப் புண்படுத்தியிருக்கிறது. அதில் அவர் பக்கம்தான் நானும். ஆனால் காலம் சொல்லட்டும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வாசித்தவர்கள் சொல்லிச் சொல்லி நிலைத்ததைத்தானே பிற்பாடு காலம் சொன்னது என்கிறோம்? இன்றைக்கு யாருமே வாய் திறக்காவிட்டால் நாளைக்குக் காலம் எதை வைத்துச் சொல்லும்?

அவர் போற்றும் அந்தத் தலைமுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கொடி 1933இல் தொடங்கிச் சில ஆண்டுகளே நடந்த பத்திரிகை. கும்பகோணத்தில் ந. பிச்சமூர்த்தியும் கு.ப. ராஜகோபாலனும் அண்டை வீட்டுக்காரர்கள், இருவரும் அதில் எழுதினார்கள். 1936இல் அதே ஊரிலிருந்து எம்.வி. வெங்கட்ராமின் முதல் கதை மணிக்கொடியில் வந்தது. அப்போது அவருக்கு வயது 16. பையன் இன்னும் நாலு வருஷம் எழுதட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஆசிரியர் பி.எஸ். ராமையா அந்தக் கதையை ஓரமாக வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அந்தப் பையனுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 1993இல். நடுவில் 57 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவரை எழுத வைத்தது விருது இல்லை, கூடவே இருந்து படித்த நண்பர்கள். அவரும் அப்படியே இருந்தார். ஜரிகை வியாபாரத்தில் வந்த சொந்தப் பணத்தைப் போட்டு ‘தேனீ’ என்று ஒரு பத்திரிகை நடத்தி, தன் சமகாலத்தவர்களின் கதைகளை அதில் அச்சேற்றினார்.

கு.ப.ரா. 1944இல் இறந்தபோது அவருக்கு 42 வயதுதான். அவர் ‘கரிச்சான்’ என்ற பெயரிலும் எழுதுவார். அவர்மீது இருந்த பற்றில் நாராயணசாமி என்ற இளைஞர் ‘கரிச்சான் குஞ்சு’ என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டார். அந்தக் கரிச்சான் குஞ்சுதான் பின்னாளில் மன்னார்குடியில் பள்ளி ஆசிரியராக இருந்தார், நீங்கள் கூட்டம் வைக்க நினைக்கும் அதே ஊரில். தி. ஜானகிராமனும் கு.ப.ரா.வை ஆசானாகக் கொண்டவர். இருபதுகளில் இருந்த இந்தப் பிள்ளைகள், கு.ப.ரா. உயிரோடு இருந்தபோதே, அவர் பெரிய எழுத்தாளர் என்று அறிந்திருந்தார்கள். யாரும் வந்து அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. எழுத்தாளர் தஞ்சை ப்ரகாஷ் இன்னும் ஒரு படி மேலே போனார். உடையாளூர்க்காரரான விமர்சகர் வெங்கட் சாமிநாதன் எழுத வேண்டும் என்பதற்காகவே ஒரு பத்திரிகை தொடங்கி, அதற்கு ‘வெசாஎ’ என்று பெயர் வைத்தார். வெங்கட் சாமிநாதன் எழுதுகிறார் என்பதன் சுருக்கம்! ஒரு வாசகன் தனக்குப் பிடித்த எழுத்தாளருக்குச் செய்த மரியாதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

போஸ்டருக்கு வருகிறேன். மௌனியைப் புதுமைப்பித்தன் ‘சிறுகதையின் திருமூலர்’ என்றார். சக எழுத்தாளர், மௌனி எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே சொன்னது. மௌனி மொத்தம் எழுதியதே 24 கதைகள்தான். சில சொற்களுக்குள் அத்தனையையும் அடைத்துவைக்கும் மொழி அது என்று அந்தப் பாராட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். சொன்னவர் படித்திருக்கிறார். ‘டெல்டாவின் அடுத்த தி. ஜானகிராமன்’ என்பதிலிருந்து அந்த நாவலைப் பற்றி எனக்கு என்ன தெரிந்தது? எழுதியவர் இந்த ஊர்க்காரர் என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதோடு, அந்த வாசகம் அந்தப் பெண்ணுக்குச் செய்யும் கெடுதல் பெரிது. தி.ஜா. போல ஒரு காவிரியும் ஓர் அக்ரகாரத் தெருவும் ஒரு தம்புராவும் அவர் கதையில் இல்லாவிட்டால், படிக்கிறவர் ஏமாந்துபோய்ப் புத்தகத்தை மூடிவிடுவார்.

அவர் எழுதியிருப்பதோ வேறொரு டெல்டா. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடிவதற்குள் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகள் படுத்துவிட்டன. தென்னை என்றால் நட்டுவைத்துவிட்டுப் பல வருஷம் காத்திருந்து, பிறகு வாழ்நாள் முழுக்கச் சாப்பிடும் சொத்து. ஒரே ராத்திரியில் போனது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்தான் இன்றைக்குப் பேனா எடுத்திருக்கிறார்கள். ஒரு நாவல் முற்ற இத்தனை வருஷம் ஆகும். மழை அடித்த நெல்லோடு கொள்முதல் நிலையத்து வாசலில் படுதா போட்டு மூடிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வருமா என்று நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பவனை யார் எழுதியிருக்கிறார்கள்? இறால் பண்ணை வந்தபின் உப்புக் கரிக்கும் கிணற்றை? மேற்கு வங்கத்திலிருந்து குழுவாக வந்து நம் வயலில் நடவு நடும் ஆட்களையும், கரையில் நின்று அதைப் பார்க்கும் நம் ஊர் நடவுப் பெண்களையும்? மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறந்தால் குறுவை, திறக்காவிட்டால் திருப்பூர் பஸ் என்று வாழும் குடும்பத்தை? தஞ்சாவூர் எழுத்து முடிந்துவிட்டது என்று சொல்வதற்கு முன்னால் உங்கள் தமிழய்யா இந்தக் கதைகளைத் தேடிப் படிக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அவரைப் போல நிதானமாகப் படிக்கிறவர்தான் இவர்களுக்குக் கிடைக்க வேண்டிய வாசகர்.

கொண்டாடுவது எப்படி என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் இணையக் குழுவில் ஒரு புதியவரின் சிறுகதையைப் படித்தார்கள். நாற்றங்காலில் நடக்கும் கதை. நயமாக எழுதப்பட்டிருக்கிறது, மொழி அருமை, வாழ்த்துகள் என்றெல்லாம் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. குழுவில் ஓர் அம்மா, வருஷக்கணக்கில் நடவுக்குப் போனவர். கண் சரியாகத் தெரியாததால் மகள் கதையை வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் ஒரு குரல் பதிவு போட்டார்: “அந்தப் புள்ள நாத்து பறிச்சிருக்கு. நாத்து முடியைக் கால்ல அடிச்சுச் சேத்தை உதுத்துறத எழுதியிருக்கு பாரு, எனக்குக் கணுக்கால்ல அடி விழுந்த மாதிரி இருந்துச்சு. ஆனா அந்நேரத்துக்கு நாங்க இம்புட்டுப் பேசிக்க மாட்டோம், மூச்சு வாங்கும்.” அவ்வளவுதான். பாராட்டும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. இரண்டையும் கதையின் எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டிவிட்டார். அந்த எழுத்தாளர் அதைத் தன் போனில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

உங்கள் குழுவில் தோப்பை இழந்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களைப் படிக்கச் சொல்லுங்கள். தட்டச்சு வராதவர்கள் பேசி அனுப்பட்டும். ஆனால் குரல் பதிவு வாட்ஸ்அப்பில் இரண்டு நாளில் கீழே போய்விடும், யாராவது ஒருவர் எழுத்தாக்கி இணையத்தில் எல்லோரும் தேடி எடுக்கும் இடத்தில் போட வேண்டும். இந்தச் சலிப்பான வேலையைச் செய்தவர்களால்தான் தமிழ் இணைய வாசிப்பே உருவானது. மதுரைத் திட்டத்தில் 1998 முதல் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். அழியாச் சுடர்கள் தளத்தில் கு.ப.ரா., மௌனி கதைகள் கிடைத்ததால்தான், புத்தகக் கடையே இல்லாத ஊரில் இருக்கிற பிள்ளைகள் அவர்களைப் படிக்க முடிந்தது.

அதே இணையத்தில்தான் அந்தப் பி.டி.எஃப்.பும் வந்தது. இந்த விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன், குழு இதில் சமாதானம் பேசக் கூடாது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1944இல் மறைந்த கு.ப.ரா.வின் கதைகளை நீங்கள் தாராளமாகப் பகிரலாம். நேற்று வந்த நாவலைப் பகிர்வது திருட்டு. வழக்கமான ராயல்டி விலையில் 10 சதவீதம். 300 ரூபாய்ப் புத்தகத்துக்கு 30 ரூபாய். அந்தப் பணம் பெரிதில்லை என்று சொல்வார்கள். முதல் அச்சு விற்காமல் தங்கிவிட்டால் அடுத்த கைப்பிரதியை வாங்கப் பதிப்பாளர் யோசிப்பார், அதுதான் பெரிய அடி. முந்தாநாள் இதயக் குறி போட்ட அதே கைகள் கோப்பை இறக்கிக்கொண்டதை அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பேசாமல் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. முதலில் நீங்கள் போனில் கூப்பிடுங்கள். குழுவின் பேரில் மன்னிப்புக் கேளுங்கள். குழுவிலும் அதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். இறக்கிக்கொண்டவர்கள் ஆளுக்கு ஒரு பிரதி வாங்கட்டும். முடியாதவர்களுக்குக் குழு சார்பில் சில பிரதிகள் வாங்கிச் சுற்றுக்கு விடலாம்.

கூட்டம் வையுங்கள், அவசரப்படாமல். சம்பா அறுவடையும் பொங்கலும் முடிந்து மாசியில் வைத்தால் எல்லோருக்கும் படிக்க அவகாசம் கிடைக்கும். படித்தவர்கள் மட்டும் பேசட்டும். பேசுகிறவர் கையில் புத்தகம் இருக்க வேண்டும், எந்தப் பக்கம் என்று சொல்லி, நாலு வரி வாசித்துவிட்டுப் பேச வேண்டும். தலைமையுரை, வாழ்த்துரை, அரசியல் பிரமுகர் எதுவும் வேண்டாம். பொன்னாடைக்குப் பதிலாக அந்தப் பணத்தில் நாவலை வாங்கி உங்கள் ஊர் கிளை நூலகத்துக்கும் பள்ளி நூலகத்துக்கும் கொடுங்கள். தமிழய்யாவை முதலில் பேசவிடுங்கள். அவருக்கு நாவல் பிடிக்காமலும் போகலாம். பிடிக்கவில்லை என்று ஒரு மூத்தவர் காரணத்தோடு எதிரில் உட்கார்ந்து சொல்வதும் மரியாதைதான். முதல் நாவல் எழுதியவருக்கு அது சுலபத்தில் கிடைப்பதில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பிரதிலிபி மாதிரியான செயலிகளில் தொடர்கதை எழுதும் பெண்கள் உங்கள் குழுவிலும் இருப்பார்கள். சமையலை முடித்துவிட்டு ராத்திரி போனில் ஓர் அத்தியாயம் எழுதி ஏற்றுகிறார்கள். அதை இலக்கியமில்லை என்று ஒரே வார்த்தையில் தள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வாரம் ஒரு சிறுகதையில் மாதம் ஒன்று அவர்களுடையதாக இருக்கட்டும். அதையும் இதே கவனத்தோடு படியுங்கள், நன்றாக இல்லையென்றால் எங்கே என்று சொல்லுங்கள்.

கூட்டத்துக்குத் தேதி குறித்ததும் எழுதுங்கள், நானும் வருகிறேன். நாவலுக்கு இன்று பதிப்பாளரிடம் பணம் அனுப்பியிருக்கிறேன். படித்து முடித்ததும் என் கருத்தை, பக்க எண்களோடு, இந்தத் தளத்திலேயே எழுதுகிறேன். அந்தப் பெண்ணிடம் அதையும் சொல்லிவையுங்கள்.

அன்புடன்.